மலை வீட்டில் டர்ஃப் ஆடுகளம்: வாசகர் கேள்வி – பதில்

கே: வீட்டுக்குப் பின்னால் 60 அடிக்கு 30 அடி இடம் இருக்கிறது. பிள்ளைகள் டென்னிஸும் கால்பந்தும் ஆட, செயற்கைப் புல் போட நினைக்கிறோம். கான்கிரீட் தளம் வேண்டும் என்கிறார் ஒருவர், ஜல்லியே போதும் என்கிறார் இன்னொருவர். எது சரி? – வாசகி, குன்னூர்

ப: முதலில் அந்த இடம் எப்படிச் சமமானது என்று பாருங்கள். சரிவை வெட்டிய மண்ணா, கொட்டி நிரப்பிய மண்ணா? மலையில் பெரும்பாலும் பாதி வெட்டு, பாதி நிரப்பு. நிரப்பிய பாதி மழைக்கு மழை அமுங்கும். அதன்மேல் கான்கிரீட் போட்டால் இரண்டும் சேரும் கோட்டில் விரிசல் விழும், அதைச் சரிசெய்வது பெரும்பாடு. ஜல்லித் தளம் அமுங்கினால் புல்லைச் சுருட்டிவிட்டு மட்டம் ஏற்றலாம். ஆகவே உங்களுக்கு ஜல்லிதான் நல்லது. புதிதாக நிரப்பிய மண் என்றால் அரை அடிக்கு ஓர் அடுக்காக இடித்து இறுக்கி, ஒரு மழைக்காலம் அப்படியே விட்டுவைத்த பிறகே தொடங்குங்கள். நீலகிரியில் பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை, அதை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

புல் விஷயத்தில் எல்லோரும் நிறத்தையும் உயரத்தையும்தான் பார்க்கிறார்கள். மலையில் தளத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது கீழே ஓடும் தண்ணீர். மேட்டுப் பக்கம் ஒன்றரை அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் வாய்க்கால் வெட்டி, துளையிட்ட 4 அங்குலக் குழாயைத் துளை கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, 20 மி.மீ. ஜல்லியால் மூடுங்கள். சரிவிலிருந்து ஊறி வரும் நீர் தளத்துக்குள் நுழையாமல் திரும்பிவிடும். பள்ளப் பக்கத் தடுப்புச் சுவரில் நீர் வடியும் துளைகள் அடைபடாமல் இருக்க வேண்டும்.

தளத்தை 7 அங்குலம் தோண்டி, மண்ணை இறுக்கி, ஜியோ டெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரியுங்கள். இதை மிச்சப்படுத்தவே கூடாது. துணி இல்லாவிட்டால், ஈரத்தில் குழையும் செம்மண் ஜல்லிக்குள் ஏறி வடிகாலை அடைத்துவிடும். மேலே 40 மி.மீ. ஜல்லி 4 அங்குலம், 20 மி.மீ. ஜல்லி 2 அங்குலம், 6 மி.மீ. சிப்ஸும் கிரஷர் தூளும் கலந்து 1 அங்குலம். இறுக்கும்போது அமுங்கும் அளவையும் சேர்த்தால் முறையே ஏழரை, நான்கு, இரண்டு யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வரும். மாவு போன்ற தூள் வேண்டாம், தண்ணீர் இறங்காது. ஒவ்வோர் அடுக்கையும் பிளேட் காம்பாக்டரால் (அதிர்ந்து இறுக்கும் தட்டு இயந்திரம்) இறுக்குங்கள். 30 அடி அகலத்துக்கு மூன்றரை அங்குலச் சரிவு, வீட்டுக்கு எதிர்த்திசையில். கடைசியில் ஹோஸால் நீர் விட்டுப் பாருங்கள். தேங்கும் இடத்தை அப்போதே திருத்துவது எளிது.

புல் 15 மி.மீ. உயரம், பாலிஎத்திலீன் இழை, பாலியூரித்தேன் அடிப்பூச்சு என்று கேட்டு வாங்குங்கள். பாலிப்ரொப்பிலீன் இழை குளிரில் விறைத்து முறியும். லேடெக்ஸ் அடிப்பூச்சு நெடுநாள் ஈரத்தில் வலுவிழக்கும். மலையின் உயரம் கூடக் கூட புற ஊதாக் கதிர் கடுமையாகும் என்பதால், அதைத் தாங்கும் உத்தரவாதத்தை எழுத்தில் பெறுங்கள். 4 மீட்டர் சுருள் இரண்டும் 2 மீட்டர் சுருள் ஒன்றும் வாங்கினால் இரண்டே இணைப்புகள். ஆனால் பெரிய சுருள் ஏறக்குறைய 150 கிலோ இருக்கும். லாரி வாசல்வரை வராமல் படிக்கட்டில் இறக்க வேண்டிய வீடென்றால், 2 மீட்டர் சுருள் ஐந்து வாங்கிக்கொள்ளுங்கள், இணைப்பு நான்காகும். எல்லாச் சுருளும் ஒரே லாட்டில் (ஒரே தயாரிப்புத் தொகுப்பில்) வந்ததாக, ஒரே திசையில் இழை சாய்வதாக இருக்கட்டும்.

இழைகளுக்கு இடையே நிரப்ப, கழுவிக் காயவைத்த உருண்டை மணி சிலிக்கா மணல் 50 கிலோ மூட்டை 50 வேண்டும். ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று நான்கு முறையாகத் தூவி, ஒவ்வொரு முறையும் துடைப்பத்தால் இழை சாயும் திசைக்கு எதிராகத் தேய்த்து இறக்குங்கள். இழை நுனி 2–3 மி.மீ. வெளியே தெரிய வேண்டும்.

கே: போட்ட மறு வருடமே இணைப்பு பிரிந்து வாய் திறந்துவிட்டது. ஏன்? – வாசகர், கோத்தகிரி

ப: பெரும்பாலும் பசை ஒட்டிய நாள்தான் காரணம். மூடுபனியில் புல்லின் அடிப்பக்கம் தொட்டால் தெரியாத ஈரத்தோடு இருக்கும், பசை அந்த ஈரத்தோடு ஒட்டும். 10 டிகிரிக்குக் கீழே இரு பகுதிப் பசை (இரண்டைக் கலந்து ஒட்டும் பசை) சரியாக இறுகுவதுமில்லை. உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பிப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையிலான நாள்களே இதற்கு ஏற்றவை. அதிலும் காலை 10 மணிக்குமேல் தொடங்கி மாலை 3 மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

திருத்த, பிரிந்த இடத்துக்கு இருபுறமும் அரை அடி கூடுதலாகத் திறந்து, மணலை உறிஞ்சி எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, நன்றாகக் காயவிடுங்கள். 30 செ.மீ. அகல இணைப்புப் பட்டையில் 20 செ.மீ.க்குக் குறையாமல் பசை பரப்பி, இழை எதுவும் அடியில் சிக்காமல் ஒட்டி, மணல் மூட்டைகளை ஒரு நாள் முழுக்க மேலே வையுங்கள். மறுபடி அதே இடம் பிரிந்தால் அடித்தளம் அமுங்குகிறது என்று பொருள், பசையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

கே: டிசம்பர், ஜனவரியில் புல் வெள்ளையாக உறைந்துவிடுகிறது. அடித்தளத்தை இன்னும் ஆழமாக எடுக்க வேண்டுமா? – வாசகர், உதகை

ப: வேண்டாம். அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதிகளில் மண்ணே ஆழம்வரை உறைந்து தளத்தைத் தூக்கும், அதனால் அங்கே ஆழமாக ஜல்லி போடுகிறார்கள். உதகையில் உறைவது மேற்பரப்பு மட்டும். வெயில் பட்டு உருகும்வரை யாரும் மிதிக்காமல் இருந்தாலே போதும். உறைந்த இழை மிதிபட்டால் முறியும், கால் வழுக்கும். வெந்நீர் ஊற்றாதீர்கள், அதுவும் உறையும். உப்பும் தூவாதீர்கள்.

கே: ஓரங்களில் பாசி பிடித்து வழுக்குகிறது. – வாசகி, கொடைக்கானல்

ப: நிழலும் மட்கிய இலையும் சேரும் இடத்தில்தான் பாசி வரும். மேலே கவியும் கிளைகளைக் கழித்துவிடுங்கள். சில்வர் ஓக், கற்பூர மர இலைகளை வாரம் ஒருமுறை பெருக்குங்கள், மட்கினால் மணலின் இடுக்கை அடைக்கும். பாசியை ஈரத்தில் தேய்த்தால் பரவும். இரண்டு நாள் வெயில் கண்டு காய்ந்தபின் நைலான் துடைப்பத்தால் உதிர்த்துப் பெருக்கி எடுங்கள். கம்பித் துடைப்பம் இழையைக் கிழிக்கும். பிரஷர் வாஷரும் வேண்டாம், மணலை வெளியே அடித்துவிடும். பிறகும் வந்தால் பென்சால்கோனியம் குளோரைடு கலந்த பாசிக்கொல்லியை டப்பாவில் சொல்லியிருக்கும் அளவில், மழை வராத நாளில் தெளியுங்கள். காயும்வரை பிள்ளைகளையும் நாயையும் உள்ளே விடாதீர்கள்.