மூன்று எண்ணெய், ஒரே பாட்டில்: எதை மாற்றுவது?

கேள்வி: காங்கயம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கிறோம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் ஒரே மாதிரி பாட்டிலில்தான் விற்கிறோம். வாங்கிப் போனவர்கள் "ஏனுங்க, இதுல எது கடலையெண்ணெய்?" என்று போன் போட்டுக் கேட்கிறார்கள். காளையின் கொம்புக்குள் எண்ணெய்ச் சொட்டு ஒளிந்திருப்பது போல லோகோ போடலாம் என்கிறான் தம்பி. பெட்டியில் இடம் மிச்சமாகும் என்று சதுரப் பாட்டிலுக்கும் மாற நினைக்கிறோம். சரிவருமா?

பதில்: லோகோவை அப்புறம் பார்ப்போம். அடுப்படியில் எண்ணெய் எடுப்பவர் லேபிளைப் படிப்பதில்லை. கண் வாணலியில் இருக்கும், கை மட்டும் பாட்டிலைத் தேடும். அந்தக் கைக்குத்தான் நீங்கள் அடையாளம் சொல்ல வேண்டும்.

ஜப்பானில் காவோ நிறுவனம் 1991-ல் ஷாம்பு பாட்டிலின் பக்கவாட்டில் சின்னச் சின்ன மேட்டுக் கோடுகள் வைத்தது. தலையில் நுரையோடு கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் ஷாம்பு எது, கண்டிஷனர் எது என்று தெரிந்துவிடும். நம் பணத்தாளிலும் இது உண்டு. புது 100 ரூபாயின் இரு ஓரங்களிலும் நான்கு சாய்கோடுகள், 500-ல் ஐந்து. பார்வையில்லாதவர்கள் தடவி அறிவதற்காக மேடாக அச்சிட்டவை.

உங்களுக்கென்று தனி அச்சு செய்து பாட்டில் வார்ப்பது இப்போதைக்குக் கட்டுப்படியாகாது. மார்க்கெட்டில் கிடைப்பதிலேயே மூன்று வடிவம் எடுங்கள். கடலை எண்ணெய்க்கு வழவழப்பான உருளை, நல்லெண்ணெய்க்கு இடுப்பில் வரிவரியாக இருப்பது. தேங்காய் எண்ணெய்க்குக் கட்டாயம் அகல வாய் டப்பா. அது 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் குறுகிய கழுத்துக்குள் கரண்டியை விட முடியாது. மூடி நிறத்தையும் மாற்றுங்கள், ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கழுவும்போது மூடிகள் இடம் மாறிவிடும். கழுத்தில் ரப்பர் வளையம் போடலாமா என்று தோன்றும். வேண்டாம், எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதி இளகிவிடும்.

சதுரப் பாட்டில் பெட்டியில் நன்றாக அடங்கும், உண்மைதான். ஆனால் ஒரு பழைய கதை கேளுங்கள். மாரிகோ நிறுவனம் பாராசூட் தேங்காய் எண்ணெயைத் தகர டின்னிலிருந்து பிளாஸ்டிக்குக் கொண்டுவந்தபோது கடைக்காரர்கள் வாங்கவே தயங்கினார்கள். அதற்கு முன்பு வேறொருவர் சதுரப் பிளாஸ்டிக் பாட்டிலில் விற்க, மூலைகளை எலி கடித்து, கடையெல்லாம் எண்ணெயாகியிருந்தது. மாரிகோ பாட்டிலை உருண்டையாக்கியது. வளைவில் எலிக்குப் பல் பிடிக்கவில்லை. எலிக்கூண்டில் பாட்டிலை வைத்துச் சோதித்த பிறகே கடைக்காரர்களைச் சம்மதிக்க வைத்தார்கள். கடலையும் புண்ணாக்கும் கிடக்கும் செக்கு மேட்டில் எலி இல்லாமலா இருக்கும்? பெட்டியில் கொஞ்சம் இடம் வீணானாலும் உருண்டைதான் என் ஓட்டு.

வாங்குமுன் ஊற்றிப் பாருங்கள். விளிம்பு மழுங்கலாக இருந்தால் கடைசிச் சொட்டு வெளிப்பக்கமாக வழிந்து லேபிளை நனைக்கும். மெல்லிய, கூர்மையான விளிம்பு சொட்டை வெட்டிவிடும். லேபிளும் காகிதமாக வேண்டாம், பிளாஸ்டிக் ஸ்டிக்கராக அடியுங்கள்.

இனி காளை. ஒளிந்திருக்கும் படம் தப்பில்லை. ஃபெடெக்ஸ் நிறுவனத்தின் 1994 லோகோவில் ஈ, எக்ஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு அம்பு ஒளிந்திருக்கிறது. பலர் வருடக்கணக்கில் அதைக் கவனித்ததே இல்லை. ஆனாலும் பெயரை எல்லோரும் படித்தார்கள். அதுதான் அளவுகோல்: தந்திரம் புரியாதவருக்கும் லோகோ வேலை செய்ய வேண்டும். தம்பி வரைந்ததைக் கறுப்பு மையில் மட்டும், கட்டைவிரல் நகம் அளவுக்கு அச்செடுத்துப் பாருங்கள். கொம்பும் சொட்டும் கலந்து அழுக்குப் புள்ளியாகத் தெரிந்தால் விட்டுவிடலாம். இன்னொன்று: நம் பக்கம் செக்கு எண்ணெய் என்றாலே காளைதான். பத்துக் காளைகளோடு உங்கள் காளையும் அலமாரியில் நிற்கும். நானாக இருந்தால் எண்ணெயின் பெயரைத்தான் படமாக்குவேன்: "கடலை", "எள்", "தேங்காய்" என்று பாட்டிலின் பாதி உயரத்துக்குத் தமிழில். ஊர்ப் பெயர் அடியில் சிறிதாக இருந்தால் போதும்.

14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் பின்பக்கம் போகட்டும்; பச்சைப் புள்ளி மட்டும் முன்பக்கம், பெயருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மில்லிலிட்டரோடு எடையையும் போடுங்கள்; 1 லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் வரும், எடை போட்டுப் பார்த்துவிட்டுக் குறைகிறது என்பவர்களுக்குப் பதில் அதிலேயே இருக்கும். தேதி முத்திரையை எண்ணெய் நிரப்பும் முன்பே அடித்துக் காயவிடுங்கள், எண்ணெய்க் கை பட்ட பிளாஸ்டிக்கில் மை ஒட்டாது.