வுட்கட்ஸ் பண்ணை மேடு: கேள்வி பதில்

தென் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், கிரான்போர்ன் சேஸ் என்னும் சுண்ணப்பாறைக் குன்றுப் பரப்பில் வுட்கட்ஸ் என்னும் தொன்மையான பண்ணைக் குடியிருப்பின் மண்கரைகளும் பள்ளங்களும் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஜெனரல் பிட்-ரிவர்ஸ் 1884-85இல் இதை அகழ்ந்தார். இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

கேள்வி: இது ரோமானியப் படையின் கோட்டையா?

பதில்: இல்லை. ரோமானியர் வந்த கி.பி. 43-க்குச் சற்று முன்பே தொடங்கி, நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை உள்ளூர் உழவர்கள் வாழ்ந்த இடம் இது. இங்குள்ள கரையும் பள்ளமும் படையைத் தடுக்கப் போதாதவை. கால்நடையை அடைக்கவும், முற்றத்தையும் வயலையும் பிரிக்கவும் போதுமானவை.

கேள்வி: இன்று தெரியும் கரையின் உயரத்தை அளந்தால் அன்றைய உயரத்தைக் கணக்கிடலாமா?

பதில்: கூடாது. அகழ்ந்து முடித்த பின் பிட்-ரிவர்ஸ் மண்ணை மீண்டும் நிரப்பி, மேட்டின் வடிவத்தைச் சீராக்கிவிட்டுச் சென்றார். ஆகவே நீங்கள் பார்ப்பதில் ஒரு பங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேலை. தாம் தோண்டிய இடங்களின் அடியில் அடையாளப் பதக்கங்களையும் அவர் புதைத்து வைத்தார். பின்னால் தோண்டுபவர் ஏமாறக் கூடாது என்ற அக்கறை அவருக்கு இருந்தது.

கேள்வி: ஐயா, அங்குள்ள ஆழமான குழிகளில்தான் மக்கள் வாழ்ந்தார்களா?

பதில்: நெடுங்காலம் பலர் அப்படித்தான் நம்பினார்கள். நாஜி ஆட்சியில் பதவியிழந்து இங்கிலாந்துக்கு வந்த ஜெர்மன் தொல்லியலாளர் கெர்ஹார்ட் பெர்சு, 1938-39இல் சாலிஸ்பரிக்கு அருகே லிட்டில் வுட்பரியில் ரோமானியருக்கு முந்தைய இரும்புக் காலப் பண்ணை ஒன்றை அகழ்ந்தார். அங்கே மரத்தூண்கள் நின்ற சிறு குழிகளிலிருந்து பெரிய வட்ட வீடு ஒன்றை அவர் மீட்டுக் காட்டியதும், பெரிய குழிகள் தானியம் சேமிக்கத் தோண்டப்பட்டவை என்பது தெளிவாயிற்று. பழங்கால வேளாண்மையைச் செய்து பார்க்க அமைத்த பட்சர் பண்ணையில் தொல்லியலாளர் பீட்டர் ரெனால்ட்ஸ் 1970களில் இதைச் செய்தே பார்த்தார். குழியின் வாயைக் களிமண்ணால் இறுக மூடினால், ஓரத்துத் தானியம் முளைவிட்டு உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. கரியமில வாயு நிறைந்ததும் முளைப்பு நின்று, நடுவிலுள்ள தானியம் கெடாமல் இருக்கிறது. வுட்கட்ஸில் இத்தகைய குழிகள் பிற்காலத்தில் வழக்கொழிந்தன; 100 அடியைத் தாண்டிய கிணறுகளும் அடுப்புகளும் ரோமானியர் ஆட்சியின்போது சேர்ந்தன. குழிகளை எண்ணி ஓராண்டு விளைச்சலைக் கணக்கிட வேண்டாம். அவை எல்லாம் ஒரே காலத்தில் பயன்பட்டவை அல்ல.

கேள்வி: உலோகம் தேடும் கருவியுடன் அங்கே போகலாமா?

பதில்: பாதுகாக்கப்பட்ட தொல்லியல் களத்தில் அனுமதியின்றி அதைப் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தான் கிடந்த மண்ணடுக்கைப் பிரிந்து வந்த நாணயம் அதன்பின் எதற்கும் சான்றாகாது.

கேள்வி: அடுப்புகள் என்றீர்கள். அவை எதற்கு?

பதில்: ஆங்கில எழுத்தான ‘டி’ வடிவில் புகைவழி கொண்ட இவ்வகை அடுப்புகளைத் தானியம் உலர்த்துபவை என்றே ஆய்வாளர் பலர் கொண்டனர். ஈரமான கோடையில் அறுத்த கதிரை உலர்த்தவும், உமி இறுகிய ஸ்பெல்ட் கோதுமையைக் குத்துவதற்குமுன் வறட்டவும் சூடு உதவும் என்பது அவர்கள் வாதம்.

கேள்வி (வேறொருவர்): இது தவறு. ரெனால்ட்ஸே அத்தகைய அடுப்பைக் கட்டிப் பார்த்து, உலர்த்துவதற்கு அது உதவாது, பீருக்காக முளைகட்டிய தானியத்தைப் பக்குவப்படுத்தவே ஏற்றது என்று 1979இல் எழுதவில்லையா?

பதில்: எழுதினார். ஆனால் அவர் சோதித்தது தாமே கட்டிய ஓர் அடுப்பை. தளம், மூடி, நெருப்பின் அளவு ஆகியவை மாறினால் முடிவும் மாறும். பல களங்களின் கரிந்த தானியங்களை ஒப்பிட்டு 1989இல் தொல்தாவர ஆய்வாளர் மரைக்கே வான் டெர் வீன் கண்ட முடிவு, இரு வேலைகளும் நடந்தன என்பதே. என் கணிப்பும் அதுதான்: அடுப்பைக் கட்டியவர் அதை ஒரே வேலைக்கு ஒதுக்கியிருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

கேள்வி (அவரே): நடுநிலை எளிது. பிரித்தறிய வழி உண்டா?

பதில்: உண்டு. வேண்டுமென்றே முளைகட்டினால் பெரும்பாலான மணிகளில் முளை ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கும். உதிர்ந்த முளைகளும் மிகுதியாகக் கிடைக்கும். மழையில் நனைந்து தானே முளைத்த கதிரில் சில மணிகளே, அதுவும் சீரின்றி முளைத்திருக்கும். இந்தச் சான்று இல்லாமல், அடுப்பின் வடிவத்தை மட்டும் வைத்து வாதிடுவதில் எனக்கு ஆர்வமில்லை.

கேள்வி: சுற்றிலும் ‘வில்லா’ எனப்படும் ரோமானிய மாளிகைப் பண்ணைகள் அரிதாக இருப்பதால் அந்நிலம் பேரரசரின் சொத்து என்கிறார்களே?

பதில்: ரோமானிய பிரிட்டனின் வரலாற்றாசிரியர் காலிங்வுட் முன்வைத்த கருத்து அது. இல்லாமையைக் கொண்டு உரிமையை நிறுவ முடியாது. பேரரசரின் பெயர் பொறித்த கல்வெட்டு கிடைத்தால் பேசலாம்.

கேள்வி: இது படைமுகாமாக இருந்திருக்கலாம் அல்லவா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரைப் பற்றி எழுதுவீர்களா?

பதில்: அது என் துறை அன்று.

கேள்வி: வுட்கட்ஸ் மக்கள் பீர் காய்ச்சினார்களா, இல்லையா?

பதில்: அடுப்பின் மண்ணை முழுவதுமாக நீரில் அலசி விதைகளைப் பிரித்தெடுக்கும் முறை 1880களில் வழக்கில் இல்லை. ஆகவே நான் மேலே கூறிய முளைச் சான்றை வுட்கட்ஸ் அடுப்புகளிலிருந்து கேட்க இயலாது.