சிகரெட்டை விட்டா மிச்சமாகுற காசு எங்க போகுது?

கேள்வி: சார், வயசு 34. ஒரு நாளைக்கு 12 சிகரெட் வரைக்கும் போகுது, எந்திரிச்சு பல்லு விளக்குறதுக்கு முன்னாடியே முதல் சிகரெட். கணக்கு போட்டா சம்பளத்துல 8 சதவீதம் இதுக்கே போகுது. ரெண்டு தடவை விட்டுப் பாத்தேன், போன தடவை மூணு வாரம் தாக்குப்பிடிச்சேன். அந்தக் காசை முதலீடு பண்ணலாம்னு வீட்ல சொல்றாங்க, எவ்வளவு சேரும்? நிகோட்டின் கம், பேட்ச்லாம் தண்டச் செலவா? டேர்ம் இன்சூரன்ஸ் (ஆயுள் காப்பீடு) எடுக்கப்போறேன், அதுல நான்-ஸ்மோக்கர்னு போட்டுக்கலாமா?

பதில்: முதல்ல மூணு வாரம் இருந்தீங்களே, அது சின்ன விஷயம் இல்ல. நிகோட்டின் இல்லாம உடம்பு படுத்துறது முதல் ரெண்டு மூணு நாள்தான் உச்சத்துல இருக்கும், மூணு நாலு வாரத்துல பெரும்பாலும் அடங்கிடும், நீங்க கிட்டத்தட்ட மலையேறி முடிச்சுட்டு இறங்குற இடத்துல வழுக்கிருக்கீங்க. நிறைய பேர் நாலஞ்சு தடவை முயற்சி பண்ணிதான் விட்டிருக்காங்க, நானும் அந்த கேஸ்தான்.

இப்ப கணக்கு. 8 சதவீதம்னா வருஷத்துக்கு கிட்டத்தட்ட ஒரு மாச சம்பளம். மாசாமாசம் அதை வருஷம் 8 சதவீத வளர்ச்சியில 15 வருஷம் போட்டீங்கன்னா, நீங்க போட்டது சுமார் 14 மாச சம்பளம், கையில நிக்கிறது 27 மாச சம்பளத்துக்கு மேல (சம்பளம் ஏறவே ஏறாதுன்னு வச்சு, அது நடக்காது). ஆனா இந்த கணக்கைப் பாத்து யாரும் சிகரெட்டை விட்டு நான் பாத்ததில்ல. ஏன்னா விட்ட காசு தானா சேராது. நான் முதல் தடவை எட்டு மாசம் விட்டிருந்தேன், எட்டாவது மாசம் அக்கவுன்ட்டைப் பாத்தா பழைய பேலன்ஸ்தான் இருக்கு, ஊரு கணக்கெல்லாம் பாக்குற ஆளு நானே எங்க போச்சுன்னு தெரியாம முழிச்சேன், நொறுக்குத் தீனி, போன் கவர், இந்த மாதிரி சில்லறையா கரைஞ்சிருக்கு. அதனால விடுற அன்னைக்கே பேங்க்ல ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் (மாசாமாசம் காசு தானா மாறுற ஏற்பாடு) போட்டு, சம்பளம் வந்த மறுநாளே அந்த 8 சதவீதம் வேற அக்கவுன்ட்டுக்கு ஓடிடணும், அதுக்கு ஏடிஎம் கார்டு கூட வாங்காதீங்க.

இதையே இன்னும் கொஞ்சம் இறுக்கமா பண்ணலாம். பிலிப்பைன்ஸ்ல ஒரு பேங்க்ல சிகரெட் காசை 6 மாசம் போட வச்சு, கடைசியில யூரின் டெஸ்ட் எடுத்து, பாஸானா முழுசா திருப்பித் தருவோம், ஃபெயிலானா தர்மத்துக்குப் போயிடும்னு ஒரு திட்டம் வச்சுப் பாத்தாங்க, 2010ல வெளியான ஆய்வு. திட்டம் கிடைக்காதவங்களை விட, கிடைச்ச குரூப்புல நூத்துக்கு 3 பேர் கூடுதலா விட்டிருந்தாங்க, ஒரு வருஷம் கழிச்சு சொல்லாம டெஸ்ட் எடுத்தப்பவும் அந்த வித்தியாசம் நின்னுச்சு. பெரிய நம்பர் இல்லதான். சொந்தக் காசை பணயம் வைக்க நிறைய பேர் ஒத்துக்கவே மாட்டாங்க, அது வேற. உங்களுக்கு தைரியம் இருந்தா ஒரு தொகையை வீட்ல குடுத்து வச்சு, 6 மாசத்துக்குள்ள பத்த வச்சா அது உங்களுக்குக் கிடையாதுன்னு பேசிக்கோங்க. வீட்ல விட்டுக்குடுக்குற டைப்னா வேற ஆளைப் பாருங்க.

மெல்லுற நிகோட்டின் கம், தோல்ல ஒட்டுற பேட்ச், ரெண்டும் தண்டம் இல்ல. வெறும் வைராக்கியத்தோட விடுறதை விட இதுல ஜெயிக்கிற வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்காகும், பேட்சும் கம்மும் சேத்துப் போட்டா இன்னும் நல்லது. எந்திரிச்ச அரை மணி நேரத்துக்குள்ள பிடிக்கிற ஆளுக்கு வழக்கமா 4 மில்லிகிராம் கம் சொல்லுவாங்க, 2 மில்லிகிராம் வாங்கிட்டு வேலை செய்யலைன்னு தூக்கிப் போடாதீங்க. அதை சூயிங்கம் மாதிரி மெல்லவும் கூடாது, ரெண்டு கடி கடிச்சு சுருக்குன்னு வந்ததும் கன்னத்துல ஒதுக்கி வைக்கணும், காபி குடிச்ச கையோட போட்டா சரியா ஏறாது, கால் மணி நேரம் விடுங்க. டோஸ் டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, மாத்திரையும் இருக்கு. மொத்தம் ரெண்டு மூணு மாச செலவு, அதுவரைக்கும் அந்த 8 சதவீதத்துல இருந்தே எடுங்க, மிச்சம் மட்டும் முதலீட்டுக்குப் போகட்டும்.

இன்சூரன்ஸ்ல பொய் வேண்டவே வேண்டாம். ரத்தத்துலயோ யூரின்லயோ கோட்டினின் (நிகோட்டின் உடம்புல மாறி உண்டாகுற பொருள்) பாப்பாங்க, அது கடைசி சிகரெட்டுக்கு அப்புறமும் சில நாள் காட்டும், கம் மென்னாலும் காட்டும். டெஸ்ட்ல தப்பிச்சாலும் முதல் மூணு வருஷத்துக்குள்ள கிளெய்ம் வந்து மறைச்சது தெரிஞ்சா நிராகரிக்கலாம், அப்ப பேப்பரோட அலையப் போறது நீங்க இல்ல, உங்க வீட்ல இருக்கவங்க. பெரும்பாலான கம்பெனி 12 மாசம் நிகோட்டினே தொடலைன்னாதான் நான்-ஸ்மோக்கர்னு எடுத்துக்கும். அதுக்காக ஒரு வருஷம் பாலிசியே இல்லாம உக்காராதீங்க, இப்ப ஸ்மோக்கர்னே போட்டு எடுங்க, பிரீமியம் ஒன்றரை மடங்கு ரெண்டு மடங்கு வந்தாலும் பரவாயில்ல, ஒரு வருஷம் கழிச்சு குறைக்கச் சொல்லிக் கேளுங்க, மாட்டேன்னா புதுசு கையில வந்தப்புறம் பழசை விடுங்க.

நடுவுல ஒரு நாள் ஆபீஸ் டென்ஷன்ல கை தானா சட்டைப் பாக்கெட்டுக்குப் போகும், எனக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் அப்படிப் போச்சு. அந்த வெறி அஞ்சு பத்து நிமிஷத்துல இறங்கிடும், எந்திரிச்சு தண்ணி குடிங்க, ஒரு கம் போடுங்க. மீறி ஒண்ணு பத்த வச்சிட்டீங்கன்னா மிச்சத்தைக் கசக்கிப் போட்டுட்டு அடுத்த வேளையில இருந்து மறுபடி தொடருங்க, ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷனை மட்டும் தொடாதீங்க.