குளிர் போகுமுன் பழமரம்: ரொறன்ரோ வீட்டுத் தோட்டம், கேள்வி பதில்

ஏப்ரல் நடுப்பகுதி. பகலில் 12 பாகை, இரவில் ஒன்றோ இரண்டோ. கடைவாசல்களில் மரக்கன்றுகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள், எல்லோருக்கும் கை துறுதுறுக்கிறது. ரொறன்ரோ பகுதியில் இருபது வருடமாகப் பழமரமும் மரக்கறியும் வைக்கிறேன். அதில் சில வருடம் ஒரு மரக்கன்று நேர்சரியில் வேலை செய்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஸ்காபரோ: அண்ணை, புது வீடு, சின்னப் பின்வளவு. ஒரு அப்பிளும் ஒரு செரியும் வைக்க ஆசை. இப்போதே வைக்கலாமா, மே 24 லோங் வீக்கென்ட் வரை பொறுக்க வேண்டுமா?

இப்போதே வையுங்கள். இங்கே பலர் குழம்புவது இதில்தான். பழமரத்துக்கு ஒரு நாட்காட்டி, மரக்கறிக்கு வேறொரு நாட்காட்டி. அப்பிள், செரி, பெயர்ஸ், பிளம்ஸ் எல்லாம் குளிர்தேச மரங்கள். மொட்டு விரியுமுன், உறக்கத்தில் இருக்கும்போதே நட்டால், இலை வந்து தண்ணீர் கேட்பதற்குள் வேர் கொஞ்சம் பிடித்துவிடும். மண் இல்லாமல் வெறும் வேரோடு விற்கும் கன்று என்றால் இதுதான் காலம். மே கடைசியில் அதை நட்டால் கோடை வெயிலில் திண்டாடும். ஏற்கனவே இலை விட்ட சட்டிக் கன்று என்றால் மட்டும் உறைபனி இரவுகள் குறையும்வரை பொறுக்கலாம்.

அப்பிளுக்குத் துணை வேண்டும். வேறொரு இன அப்பிளின் மகரந்தம் வராவிட்டால் பெரும்பாலும் காய்க்காது. பக்கத்து வளவில் அப்பிளோ கிராப் அப்பிளோ ஒரே காலத்தில் பூத்தால் போதும், தேனீ கொண்டுவந்து தரும். செரியில் புளிப்பு இனமான மொன்ட்மொரன்சி தனியாகவே காய்க்கும். இனிப்புச் செரிதான் வேண்டும் என்றால் ஸ்டெல்லா என்று கேட்டு வாங்குங்கள், அதுவும் தனியாகக் காய்க்கும்.

மண்வெட்டியை எடுக்குமுன் ஒன்ராறியோ வன் கோலுக்கு (Ontario One Call) அறிவியுங்கள். காஸ், மின்சாரக் கம்பிகள் எங்கே ஓடுகின்றன என்று இலவசமாக அடையாளம் போட்டுத் தருவார்கள். சட்டப்படி அது கட்டாயம். அதற்குச் சில நாள் எடுக்கும், ஆகவே மரம் வாங்குமுன்பே கேளுங்கள்.

குழி ஆழமாக வேண்டாம், அகலமாக வேண்டும். வேர்க்கட்டின் உயரம்தான் ஆழம், வேர்க்கட்டின் அகலத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலம். எடுத்த மண்ணையே திருப்பிப் போடுங்கள், எரு குழிக்குள் வேண்டாம். தண்டின் அடியில் ஒரு வளைவும் தழும்பும் தெரியும், அதுதான் ஒட்டு. ஒட்டு மண்ணுக்கு மேலே நாலு விரல் நிற்க வேண்டும். அதைப் புதைத்தால் மேல்மரம் தானே வேர்விட்டு, எட்டு அடியில் நிற்கும் என்று வாங்கிய குட்டை அப்பிள் இருபது அடிக்குப் போய்விடும். நான் பார்க்கப்போன வளவுகளில் அதிகம் கண்ட பிழை இதுதான்.

மார்க்கம்: மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுகள் வீட்டுக்குள் ஒரு சாண் உயரம் வந்துவிட்டன. வெளியில் வைக்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. உறைபனி இல்லாத இரவு மட்டும் போதாது. இரவு 10 பாகைக்குக் கீழே போய்க்கொண்டிருக்கும்வரை மிளகாயும் கத்தரியும் சாகாமல் நின்றாலும் வளராது. குளிரில் சுருண்ட கத்தரி ஜூன் முழுக்க அப்படியே நிற்கும், ஜூன் முதல் வாரம் வைத்தது அதைத் தாண்டிப் போய்விடும். மே நடுவிலிருந்து ஒரு வாரம் பத்து நாள், முதலில் ஒரு மணிநேரம் நிழலில், பிறகு கூட்டிக் கூட்டி, வெளியே வைத்துப் பழக்குங்கள். பிறகு தக்காளி மே கடைசியில் நிலத்துக்கு, மிளகாயும் கத்தரியும் ஜூன் முதல் வாரம். யன்னல் கண்ணாடிக்குள் வளர்ந்த இலை நேர் வெயிலை ஒரே நாளில் தாங்காது, வெளுத்துவிடும்.

இப்போது கை சும்மா இருக்க வேண்டாம். வெந்தயம், கொத்தமல்லி, ஸ்பினாச் கீரை, முள்ளங்கி, பட்டாணி எல்லாம் இந்தக் குளிருக்கென்றே பிறந்தவை. கொத்தமல்லியை வெயில் ஏறிய பிறகு போட்டால் இலை தராமல் பூத்துவிடும், இப்போது போட்டால் ஜூன்வரை கிள்ளலாம்.

பிரம்ரன்: ஐந்து வருட அப்பிள் இரண்டு நிற்கின்றன. வசந்தத்தில் வெள்ளையாகப் பூக்கிறது, காய் இல்லை. ஏன்?

இரண்டும் ஒரே இனமா என்று முதலில் பாருங்கள். ஒரே இன அப்பிள் இரண்டை வைத்தாலும் ஒன்றை வைத்த கணக்குத்தான். வேறு இனம் என்றால், பூத்த வாரத்தில் உறைபனி வந்ததா என்று யோசியுங்கள். முழுதாக விரிந்த அப்பிள் பூவில் மைனஸ் 2 பாகை அரைமணி நேரம் நின்றால் பத்தில் ஒன்று போகும். மைனஸ் 4 வந்தால் பத்தில் ஒன்பது போகும். பூ பார்க்க நன்றாகவே இருக்கும். பிளந்து பாருங்கள், நடுவில் கறுத்திருந்தால் முடிந்தது.

2012ஐ மறக்க முடியாது. மார்ச்சில் கோடை மாதிரி வெயில் அடித்தது, மரங்கள் நேரத்துக்கு முந்திப் பூத்தன, ஏப்ரலில் உறைபனி விழுந்தது. ஒன்ராறியோவின் அப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ 80 வீதம் அழிந்தது. பெரிய தோட்டக்காரரே அழுத வருடம். வீட்டில் ஒரு சின்ன மரம் என்றால் பழைய பெட்ஷீட்டால் நிலம்வரை மூடிவிடலாம், மண்ணின் சூடு உள்ளேயே நிற்கும். காலையில் எடுக்க மறக்காதீர்கள், தேனீ வரவேண்டும்.

மிசிசாகா: இப்ப தக்காளி வைக்கலாமா?

மார்க்கம் தங்கச்சிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். மே கடைசி.

ஏஜாக்ஸ், பெரியவர் ஒருவர்: தம்பி, குழிக்குள் எரு வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர். எங்கட அப்பு உரும்பிராயில் மூன்று அடிக் குழி வெட்டி, பூவரசங்குழையும் மாட்டெருவும் தாழ்த்து, மழை கண்ட பிறகுதான் மாங்கன்று வைப்பார். அந்த மரங்கள் இன்னமும் காய்க்குது. நீர் சொல்லுறதை எப்பிடி ஏற்கிறது?

ஐயா, அப்பு செய்தது சரி. அந்த மண்ணுக்கு அதுதான் சரி. உரும்பிராய்ச் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல், ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். அங்கே மரத்துக்கு எதிரி வறட்சி. குழையும் எருவும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தென்னங்குழிக்குள் பொச்சு மட்டை அடுக்குவதும் அதற்குத்தான்.

இங்கே நம் வளவுகளில் பெரும்பாலும் இருப்பது களிமண். புது வீடுகள் கட்டும்போது மேல்மண்ணை வழித்து எடுத்து, கனரக வாகனம் ஓடி இறுகிய களியின்மேல் ஒரு சாண் மண்ணைப் போட்டுப் புல்லை விரித்துவிடுகிறார்கள். அதில் வெட்டிய குழி சீமெந்துத் தொட்டி மாதிரி. உள்ளே பஞ்சு போல எருமண் போட்டால் பனி உருகும் தண்ணீர் முழுக்க அதற்குள் இறங்கும், வெளியேற வழியில்லை. வேர் மூச்சுமுட்டிச் சாகும். எரு உக்க உக்க மரம் கீழே இறங்கும், ஒட்டும் மண்ணுக்குள் போய்விடும். தப்பிய வேரும் இறுகிய களிக்குள் போக மனமில்லாமல் குழிக்குள்ளேயே சுற்றும்.

நான் இரண்டு பெயர்ஸ் கன்றுகளை ஒரே வாரத்தில் வைத்தேன். ஒன்றுக்கு ஊர் முறைப்படி எருக்குழி. மற்றதற்கு எரு தீர்ந்துபோனதால் எடுத்த மண்ணையே மேடாக்கி வைத்தேன். இரண்டாம் வசந்தத்தில் முதலாவது மஞ்சளித்தது. கிண்டிப் பார்த்தபோது வேர் கறுத்து, சேற்று மணம். மற்றது இன்றும் நிற்கிறது, ஒவ்வொரு செப்டம்பரும் பழம் தருகிறது.

எருவை விடச் சொல்லவில்லை ஐயா, மேலே போடச் சொல்கிறேன். மண்மேல் இரண்டு அங்குலம், தண்டில் முட்டாமல். மண்புழு அதைக் கீழே கொண்டுபோகும்.

ஏஜாக்ஸ் பெரியவர்: களி என்றால் மணலைக் கலந்தால் போச்சு. அதுக்கேன் இவ்வளவு கதை?

கொஞ்ச மணல் களியோடு சேர்ந்தால் செங்கல் மாதிரி இறுகும், ஐயா. மாற்றம் தெரிய வேண்டுமென்றால் மண்ணில் பாதிக்குமேல் மணலாக இருக்க வேண்டும், ஒரு வளவுக்கு அது லொறிக் கணக்கு. நான் சொல்வதை நம்ப வேண்டாம், மண்ணையே கேளுங்கள். ஒரு அடி ஆழக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு ஒரு அங்குலம் இறங்கினால் அந்த இடத்தில் மரம் வாழும்.

மார்க்கம், வேறொருவர்: நான் எரு கலந்துதான் பிளம்ஸ் வைத்தேன், நன்றாக நிற்கிறதே. பெரியவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

குழிக்குள் மட்டும் கலந்தீர்களா, பாத்தி முழுக்கவா? பாத்தி முழுக்க என்றால் அது வேறு கதை, வேர் எந்தப் பக்கம் போனாலும் ஒரே மண். சரிவான நிலமாக இருந்தாலும் தண்ணீர் தானே ஓடிவிடும். நான் எதிர்ப்பது சமதரைக் களியில் வெட்டிய எருத்தொட்டியை மட்டும்தான்.

ஒட்டாவா: கறுத்தக்கொழும்பான் மாங்கொட்டை முளைத்திருக்கிறது. கோடையில் நிலத்தில் வைத்தால் குளிருக்குத் தப்புமா?

தப்பாது. சட்டியில் அழகுக்கு வளருங்கள். அந்த ருசிக்கு ஏங்குகிறவருக்கு நான் சொல்வது போபோ (pawpaw), பப்பாசி இல்லை. தெற்கு ஒன்ராறியோவின் சொந்தக் காட்டு மரம், நம் அன்னமுன்னாவின் குடும்பம். பழத்தின் உள்ளே மஞ்சள் சதை, மாம்பழமும் வாழைப்பழமும் கலந்த ருசி, பெரிய கறுப்பு விதைகள். முதல் தடவை சாப்பிட்டபோது ஊர் வளவு முழுக்க ஞாபகம் வந்தது. வெவ்வேறு விதையில் வந்த இரண்டு கன்று வேண்டும், முதல் ஓரிரு வருடம் நிழல் வேண்டும், ஆணிவேர் அறுந்தால் பிழைக்காது, ஆகவே சட்டியில் வளர்ந்த சின்னக் கன்றையே வாங்குங்கள். ஒட்டாவா குளிர் அதன் எல்லைக்கோடு, வீட்டின் தெற்குச் சுவரோரம் வையுங்கள்.

கல்கரி: எங்களுக்கு எந்தச் செரி?

உங்கள் குளிர் வேறு, நான் வளர்த்ததில்லை. சஸ்கச்சுவான் பல்கலைக்கழகம் உருவாக்கிய புதர்ச் செரிகள் இருக்கின்றன, கார்மைன் ஜுவல் என்று கேட்டுப் பாருங்கள். மற்றதை அங்கேயே வளர்க்கிறவரிடம் கேளுங்கள்.

ஸ்காபரோ: கறிவேப்பிலைச் சட்டியை வெளியே வைக்கலாமா? தக்காளியும்?

கறிவேப்பிலை, இரவு 10 பாகைக்கு மேல் நிலைத்த பிறகு. தக்காளிக்கு மூன்றாம் முறை சொல்கிறேன்: மே கடைசி. மேலே வாசித்துவிட்டுக் கேளுங்கள், மற்றவர்களுக்கும் நேரம் வேண்டும்.

பிக்கரிங்: பக்கத்து வளவில் பெரிய பிளாக் வோல்நட் மரம். ஒவ்வொரு வருடமும் தக்காளி வாடிச் சாகிறது.

அதன் வேர் விடும் நஞ்சு தக்காளிக்கு ஆகாது, கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஆகாது. தூரமாக, பெரிய சட்டிகளில் வையுங்கள்.

மிசிசாகா: புல்தரைக்கு என்ன உரம்?

புல்தரை எனக்குத் தெரியாத துறை.

ஏஜாக்ஸ் பெரியவர், அடுத்த நாள் காலை: தம்பி, நீர் சொன்னபடி குழி வெட்டி இரவு தண்ணி விட்டன். விடியப் பார்க்க நாலு அங்குலம் அப்பிடியே நிக்குது. கன்று வாங்கி வைச்சாச்சு. இனி என்ன செய்ய?

கன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், ஐயா. அந்தக் குழியை எடுத்த மண்ணாலேயே மூடுங்கள். அதன்மேல், வாங்கிய தோட்டமண்ணோடு உங்கள் மண்ணையும் கலந்து, ஒரு அடி உயரம், ஐந்தாறு அடி அகலத்தில் மேடு கட்டுங்கள். அடித்தரையைத் தோட்ட முள்ளுக் கரண்டியால் கிளறிவிட்டுக் கட்டினால் இரண்டு மண்ணும் ஒட்டும். மேட்டின் உச்சியில் கன்று. எருவை மேட்டின்மேல் பரப்புங்கள், தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் வெறுமையாக இருக்கட்டும். மேடு கோடையில் சீக்கிரம் காயும், ஆகவே முதல் வருடம் வாரத்துக்கு இரண்டு முறை ஒரு வாளி தண்ணீர். மேடு ஒரு வருடத்தில் இரண்டு அங்குலம் அமரும், அதையும் கணக்கில் வைத்து ஒட்டை உயர்த்தி வையுங்கள்.