மச்சான் சொன்னது சரியா, அக்கா?

கேள்வி: அக்கா, லண்டன் ஹரோவில் பலசரக்குக் கடை வைத்திருந்தேன். கடைக்கு எடுத்த கடனுக்கு நானே பிணைக் கையெழுத்து வைத்தேன். கடை படுத்துவிட்டது. போன மார்ச்சில் கோர்ட் என்னை வங்குரோத்து (கடன் கட்ட முடியாதவன்) ஆக்கிவிட்டது. வீடு என் பெயரிலும் மனைவி பெயரிலும் இருக்கிறது. விற்றால் 430,000 பவுண்ட்ஸ் போகும், மோட்கேஜ் 374,000 நிற்கிறது. இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள். வீட்டை உடனே மனைவி பெயருக்கு மாற்று, ஒரு வருடம் பொறுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார் மச்சான். அவருக்குத் தர வேண்டியிருந்த சீட்டுக்காசு 9,000 பவுண்ட்ஸைப் போன வருடமே கொடுத்து முடித்துவிட்டேன். சாவகச்சேரியில் அப்பா விட்டுப்போன காணி ஒன்றும் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டுமா? வீடு தப்புமா?

பதில்: தம்பி, மச்சான் சொன்ன இரண்டுமே பிழை.

வங்குரோத்து உத்தரவு வந்த பிறகு வீட்டில் உங்கள் பங்கு உங்களிடம் இல்லை, ட்ரஸ்டியிடம் போய்விட்டது. உங்கள் சொத்தை விற்றுக் கடன்காரருக்குப் பங்கிடுபவர்தான் ட்ரஸ்டி. கையில் இல்லாததை மனைவிக்கு எப்படி எழுதிக் கொடுப்பீர்கள்? முன்பே எழுதியிருந்தாலும், காசு வாங்காமல் கொடுத்ததென்றால் ட்ரஸ்டி ஐந்து வருடம் வரை பின்னோக்கிப் போய் அதைக் கலைக்கச் சொல்லி கோர்ட்டில் கேட்கலாம்.

ஒரு வருடக் கதைக்கு வருவோம். பன்னிரண்டு மாதத்தில் வங்குரோத்திலிருந்து பெரும்பாலும் விடுவித்துவிடுவார்கள் (டிஸ்சார்ஜ்) என்பது உண்மை. ஆனால் விடுபடுவது நீங்கள்தான், வீட்டுப் பங்கு அல்ல. ‘டிஸ்சார்ஜ் ஆகிவிட்டேன்’ என்று சந்தோஷமாக வந்து உட்காருபவர்களிடம் இதைச் சொல்லும்போது முகம் விழுந்துவிடும். வீட்டுக்குக் கெடு மூன்று வருடம். உத்தரவு வந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் ட்ரஸ்டி பங்கை விற்க வேண்டும், அல்லது உங்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வர வேண்டும், அல்லது கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும். எதுவும் செய்யாவிட்டால் பங்கு உங்களிடமே திரும்பும். 2004 ஏப்ரலில்தான் இந்த விதி வந்தது. அதற்கு முன் பத்துப் பதினைந்து வருடம் கழித்து, வீட்டு விலை ஏறிய பிறகுகூட வந்து கதவைத் தட்டினார்கள். ஒரு நிபந்தனை உண்டு: உத்தரவு வந்து மூன்று மாதத்துக்குள் வீட்டைப் பற்றி நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் மூன்று வருடம் தொடங்கும்.

சும்மா இருந்தே மூன்று வருடத்தை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பங்கின் பெறுமதி 1,000 பவுண்ட்ஸுக்குக் கீழே என்றால் விற்கச் சொல்லும் மனுவைக் கோர்ட் தள்ளிவிடும். நீங்கள் சொன்னபடி வீட்டை விற்று மோட்கேஜை அடைத்தால் 56,000 மிச்சம், அதில் உங்கள் பாதி 28,000. இதை எந்த ட்ரஸ்டியும் விட மாட்டார். முதல் வருடம் மனைவி பிள்ளைகளின் நிலையைக் கோர்ட் கவனித்துப் பார்க்கும். அதன் பிறகு கடன்காரர் பக்கம்தான் தராசு சாயும். வீட்டில் கடும் நோயாளி இருப்பது போன்ற அசாதாரண நிலைதான் அதைத் தடுக்கும், பல வேளைகளில் அதுவும் விற்பனையைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மட்டும் போதாது.

அதனால் மனைவி உங்கள் பங்கை வாங்குவதுதான் வழி. காசு அவருடைய சேமிப்பாக இருக்கலாம், அவருடைய உறவினர் கொடுத்ததாகவும் இருக்கலாம். உங்கள் கையிலிருந்து மட்டும் போகக்கூடாது. வீட்டு விலை ஏறினால் பங்கின் விலையும் ஏறும், ஆகவே இப்போதே பேசச் சொல்லுங்கள். இரண்டு எஸ்டேட் ஏஜெண்டுகளிடம் எழுத்தில் மதிப்பு வாங்குங்கள். பின்னறைக் கூரை ஒழுகினால், சுவரில் ஈரம் இருந்தால் மறைக்காமல் காட்டுங்கள், இந்த ஒரு தடவை அது உங்களுக்கு லாபம். மோட்கேஜை இன்றே அடைத்தால் எவ்வளவு என்று வங்கியிடம் கடிதம் வாங்குங்கள். வீட்டை விற்றால் ஏஜெண்டுக்கும் சொலிசிட்டருக்கும் போயிருக்கும் காசைக் கழித்துத் தரும்படி கேட்கலாம். மனைவிக்குத் தனி சொலிசிட்டர் வேண்டும்.

மோட்கேஜ் தவணையை ஒரு மாதம்கூட விடாதீர்கள். வங்குரோத்து அந்த வங்கியைக் கட்டுப்படுத்தாது. தவணை நின்றால் ட்ரஸ்டி வருவதற்கு முன் வங்கி வந்துவிடும். மனைவி தன் சம்பளத்தில் கட்டினால் கணக்கு எழுதி வைக்கட்டும்.

சீட்டுக்காசுதான் எனக்குக் கவலை. மற்றக் கடன்காரர் காத்திருக்க, சொந்தக்காரருக்கு மட்டும் அடைத்தால் இரண்டு வருடம் வரை பின்னோக்கிப் பார்ப்பார்கள். மச்சானும் அந்தச் சொந்தத்துக்குள் வருவார். அந்த நேரத்திலேயே உங்களால் கடன் கட்ட முடியாத நிலை இருந்திருந்தால், 9,000-ஐ அவரிடமே திருப்பிக் கேட்க முடியும். நம் ஆட்களுக்கு இது ஏற்கக் கஷ்டம். வங்கிக்குக் கொடுக்காவிட்டாலும் சீட்டுக்குக் கொடுக்காமல் விட்டால் மானம் போய்விடும் என்பார்கள். சட்டத்துக்கு இரண்டும் ஒரே கடன். ட்ரஸ்டி கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். யாருக்காவது இன்னும் சீட்டுக்காசு பாக்கி இருந்தால் அவர் பெயரையும் கடன்காரர் பட்டியலில் போடுங்கள்.

சாவகச்சேரிக் காணியையும் சொல்ல வேண்டும். சொத்து உலகில் எங்கே இருந்தாலும் கணக்கில் வரும். மறைப்பது குற்றம், டிஸ்சார்ஜையும் நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

‘வீட்டைக் காப்பாற்றித் தருகிறோம்’ என்று முன்பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெப்ட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற மூன்று உதவி அமைப்புகளிலும் கடன் ஆலோசனை இலவசம். பங்கை மனைவி வாங்கி முடித்ததும், லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் (வீடு, காணிப் பதிவகம்) உங்கள் வீட்டின் மேல் போட்ட தடைக்குறிப்பு நீங்கிவிட்டதா என்று அவருடைய சொலிசிட்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.