உறைவிந்துக் குச்சிக்கு வயதாகுமா?

கே: மாட்டுக்குச் சினை ஊசி போடும் உறைவிந்துக் குச்சியில் (விந்து அடைத்த மெல்லிய குழாய்) 2008 என்று அச்சிட்டிருக்கிறது. போட்டால் சினை பிடிக்குமா?

இத்தனை வருடமும் திரவ நைட்ரஜனில் முழுகியே கிடந்திருந்தால் தாராளமாகப் பிடிக்கும். மைனஸ் 196 டிகிரியில் விந்தணுவுக்குள் வேதிவினை எதுவும் நடப்பதில்லை. 1968இல் உறையவைத்த செம்மறிக் கடா விந்தை 50 ஆண்டு கழித்து சிட்னி பல்கலைக்கழகத்தினர் 56 ஆடுகளுக்குச் செலுத்தினார்கள், 34 சினையாயின. மாட்டு விந்துக்கும் கணக்கு அதேதான். விந்தணு கூட்டமாகச் சாவது உறையவைக்கும் அன்றைக்கு. அதை எதிர்பார்த்துத்தான் 0.25 மி.லி. குச்சிக்குள் 2 கோடி அணுக்களை அடைக்கிறார்கள். உருக்கிப் பார்க்கும்போது பாதியாவது நீந்த வேண்டும்.

கே: பிறகு ஏன் பழைய குச்சிகளில் சினை குறைகிறது?

கேனிஸ்டரை (நைட்ரஜன் கன்டெய்னருக்குள் குச்சிகளைத் தாங்கித் தொங்கும் குவளை) கன்டெய்னரின் கழுத்துவரை தூக்கிவைத்துக்கொண்டு, குச்சியில் அச்சிட்ட காளை எண்ணைத் தேடுவதால். குச்சி மெலிசு, சில நொடிகளிலேயே சூடேறிவிடும். ஏறத்தாழ மைனஸ் 130ஐத் தாண்டினால் உள்ளிருக்கும் நுண்பனித் துகள்கள் ஒன்றுகூடிப் பருத்து அணுவின் சவ்வைக் கிழிக்கும். திரும்ப முக்கினால் குளிரும், கிழிந்தது ஒட்டாது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் சேதம் கூடிக்கொண்டே போகும். பழைய குச்சி அதிகம் தூக்கப்பட்ட குச்சி, அவ்வளவுதான். எந்த கேனிஸ்டரில் எந்தக் காளை என்று எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கள். கேனிஸ்டர் கழுத்துக்குக் கீழேயே நிற்கட்டும், குச்சியை இடுக்கியால் எடுங்கள். 5 நொடிக்குள் கிடைக்காவிட்டால் இறக்கி, குளிரவிட்டு மறுபடி தேடுங்கள். மின்விசிறிக்கு அடியில் இந்த வேலை வேண்டாம்.

கே: மைக்ராஸ்கோப்பில் நன்றாக ஓடுகிறது. ஆனாலும் சினை நிற்கவில்லையே?

ஓடுவது வேறு, கருமுட்டைக்குள் நுழைவது வேறு. நுழையத் தேவையான நொதிகள் அணுவின் தலைத்தொப்பியான அக்ரோசோமில் இருக்கின்றன. அது சிதைந்த அணுவும் வாலை ஆட்டும். தவிர, உறைந்து உருகிய அணுவுக்கு ஆயுள் குறைவு. நேரம் தவறக் கூடாது. காலையில் பருவத்துக்குக் கத்திய மாட்டுக்கு மாலையிலும், மாலையில் கத்தியதற்கு மறுநாள் காலையிலும் ஊசி போடுங்கள்.

கே: கன்டெய்னரில் நைட்ரஜன் வற்றிவிட்டது. நிரப்பிவிட்டோம். குச்சிகள் தேறுமா?

முழுக்க வற்றியிருந்தால் தேறாது, கொட்டிவிடுங்கள். கொஞ்சம் மிச்சமிருந்தது என்றால் ஒவ்வொரு கேனிஸ்டரிலும் இரண்டு குச்சியை உருக்கிப் பாருங்கள். அதில் தேறினாலும் முந்தைய பதிலில் சொன்ன அக்ரோசோம் சந்தேகம் மிச்சம் இருக்கும்; உயர்ந்த மாட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கன்டெய்னரின் வெளிக்கழுத்தில் பனி பூத்திருந்தால், குளிரைக் காக்கும் இரட்டைச் சுவருக்கு இடையிலான வெற்றிடம் போய்விட்டது, உடனே வேறு கன்டெய்னருக்கு மாற்றுங்கள். வாரம் ஒரு நாள் மர அளவுகோலை அடிவரை விட்டு, 10 நொடி கழித்து எடுத்துக் காற்றில் ஆட்டினால் வெண்பனி படியும் உயரம்தான் நைட்ரஜன் அளவு.

கே: உள்ளங்கையில் தேய்த்து உருக்கலாமா?

கூடாது. 37 டிகிரி வெந்நீரில் 30 நொடி. நீரின் சூட்டை விரலால் பார்க்காமல் தெர்மாமீட்டரால் பாருங்கள். எடுத்ததும் குச்சியை ஈரமில்லாமல் துடைத்தபின் வெட்டுங்கள். ஒரு துளி நீர் உள்ளே போனாலும் அணுக்கள் ஊதிச் சாகும்.