டிஜெரிடூ ஊதவும் ஹேண்ட்பேன் வாசிக்கவும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

வேறு நாட்டு இசைக்கருவிகளைக் கற்றுக்கொள்வது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். டிஜெரிடூ (ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் நீண்ட ஊதுகுழல்), ஹேண்ட்பேன் (மடியில் வைத்து விரலால் தட்டும், ஸ்வரம் எழும் எஃகுக் கருவி) இரண்டையும் பற்றித்தான் கேள்விகள் அதிகம் வந்திருக்கின்றன. நான் கடம் கற்று, அந்த வழியாக இந்தக் கருவிகளுக்கு வந்தவள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களின் சிங்கப்பூர் வட்டாரத்தை மட்டும் போட்டிருக்கிறேன்.

பொங்கோல்: அக்கா, எனக்கு இசைப் பயிற்சி எதுவும் கிடையாது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. டிஜெரிடூ, ஹேண்ட்பேன் இரண்டில் எதை முதலில் எடுக்கலாம்?

ஹேண்ட்பேனில் முதல் நாளே காதுக்கு இதமாக ஏதாவது வந்துவிடும். ஒரே ஸ்கேலுக்குள் (ஸ்வர வரிசைக்குள்) அடங்கும் ஸ்வரங்களை மட்டும் வைத்துச் செய்த கருவி அது, எதைத் தொட்டாலும் ஒன்றோடொன்று சேரும். ஆனால் விலை அதிகம். கையால் செய்து ஒழுங்காகச் சுருதி சேர்த்தது என்றால் ஏறக்குறைய 1,500 வெள்ளியிலிருந்து 4,000 வெள்ளி வரை ஆகும். டிஜெரிடூ இதற்கு நேர்மாறு. காசு அதிகம் வேண்டாம், பொறுமைதான் வேண்டும்.

ஆசை எவ்வளவு ஆழம் என்று தெரியாத நிலையில், முதலில் பிவிசி குழாயில் ஊதிப் பாருங்கள் என்பேன். ஹார்ட்வேர் கடையில் உள்விட்டம் சுமார் 4 சென்டிமீட்டர் உள்ள குழாயை 1.3 மீட்டர் நீளத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். வாய் வைக்கும் முனையை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். தேன்மெழுகை வெந்நீரில் இளக்கிக் கயிறு போல உருட்டி விளிம்பைச் சுற்றி ஒட்டி, துளையை 3 சென்டிமீட்டருக்குக் குறுக்குங்கள். அவ்வளவுதான், டிஜெரிடூ தயார்.

1.3 மீட்டர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு முனை உதட்டால் மூடிய குழாயில் பிறக்கும் ஒலியலை, குழாயின் நீளத்தைப்போல நான்கு மடங்கு நீளமானது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். அதை 5.2ஆல் (1.3ஐப்போல நான்கு மடங்கு) வகுத்தால் விநாடிக்கு 67 அதிர்வு, கிட்டத்தட்ட பியானோவின் கீழ்ப்பகுதியில் உள்ள ‘சி’ ஸ்வரம். 1.17 மீட்டராக வெட்டினால் ‘டி’ பக்கம் வரும். தொடக்கத்தில் ‘சி’, ‘டி’ இரண்டுமே உதட்டுக்கு வசதியானவை.

ஜூரோங் வெஸ்ட்: மூச்சு விடாமல் தொடர்ந்து ஊதுகிறார்களே, அது எப்படி? எனக்குப் பத்து விநாடியில் மூச்சு முட்டுகிறது.

அதிகம் பேர் கைவிட்டுவிடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தொடர்ந்து ஊதுபவர்களும் மூச்சு எடுக்கத்தான் செய்கிறார்கள். கன்னத்தில் தேக்கிய காற்றை வாய் வழியாகப் பிழிந்து வெளியே தள்ளும் அந்த அரை விநாடியில் மூக்கு வழியாக உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். இது நமக்குப் புதிய வித்தையும் இல்லை. நாதஸ்வரக் கச்சேரிகளில் சுருதிப்பெட்டி வருவதற்கு முன்பு, ஒத்து ஊதுபவர் மணிக்கணக்கில் ஒரே சுருதியை அறுபடாமல் பிடித்துக்கொண்டிருந்தது இந்த முறையில்தான்.

முதலில் உதடு. குழந்தைகள் கார் ஓட்டும் விளையாட்டில் ‘ப்ர்ர்ர்’ என்று உதட்டை அதிரவிடுவார்களே, அந்தத் தளர்ச்சி வேண்டும். டிரம்பெட் வாசிப்பவர்கள் உதட்டை இறுக்கிப் பழகியவர்கள் என்பதால் தொடக்கத்தில் அவர்களுக்கே இது சிரமம். குழாயை வாயில் அழுத்தாமல் மெதுவாக ஊதுங்கள். பலமாக ஊதினால் கார்வை (நீண்டு ஒலிக்கும் ஒரே ஸ்வரம்) வராது, காற்றுச் சத்தம்தான் வரும்.

கார்வை நிலைத்து நின்ற பிறகு மூச்சுக்கு வாருங்கள். குழாய் இல்லாமலே தொடங்கலாம். கன்னத்தை உப்பிக்கொண்டு, அது சுருங்காமல் மூக்கால் மட்டும் சில தடவை மூச்சை இழுத்து விடுங்கள். வாயும் மூக்கும் தனித்தனியாக வேலை செய்ய முடியும் என்பது உடம்புக்கு அங்கேதான் புரியும். அடுத்தது குளியலறையில். வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு மெல்லிய தாரையாகப் பீய்ச்சுங்கள். தாரை ஓடிக்கொண்டிருக்கும்போதே மூக்கால் சட்டென்று ஒரு மூச்சு எடுங்கள். தண்ணீர் நின்றுவிட்டதா, மறுபடி செய்யுங்கள். இது கைவந்ததும் ஒரு குவளைத் தண்ணீரில் ஸ்ட்ராவைப் போட்டுக் குமிழி நிற்காமல் ஊதிப் பழகுங்கள். குமிழி அறுபடும் இடம் கண்ணுக்கே தெரியும், அதனால் இதைவிட நேர்மையான ஆசிரியர் கிடையாது.

இதற்குப் பிறகுதான் குழாய். நுரையீரல் காலியாகும்வரை காத்திருக்காதீர்கள், பாதி மூச்சு இருக்கும்போதே கன்னத்தைப் பிழிந்து ‘வா’ என்று ஒரு தள்ளு, கூடவே மூக்கால் ஒரு சிறு உறிஞ்சல். அந்த இடத்தில் ஒலி கொஞ்சம் துள்ளும். துள்ளட்டும். தேர்ந்த கலைஞர்கள் அந்தத் துள்ளலையே தாளமாக மாற்றி வைத்திருக்கிறார்கள்.

தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட்டு உட்காருங்கள். அளவுக்கு மீறி மூச்சு வாங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். தினம் பத்து நிமிடம் போதும்.

பிடோக்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஊதினால் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்க மாட்டாரா?

டிஜெரிடூவின் ஒலி தாழ்ந்தது. தாழ்ந்த ஒலி சுவரில் அவ்வளவாக அடைபடாது. குழாய் முனையைத் தரையில் ஊன்றினால் கீழ்வீட்டுக் கூரை வரை அதிர்வு போகும். முனையைத் தடித்த மெத்தை மீதோ அலமாரித் துணிகளுக்கு நடுவிலோ வைத்து ஊதுங்கள். இரவு ஒன்பதுக்குமேல் வேண்டாம். அதைவிட முக்கியம், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, இன்ன நேரத்தில் பழகப் போகிறேன், தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள் என்று முன்கூட்டியே பேசிவிடுவது. சில சமூக மன்றங்களில் இசை அறை வாடகைக்குக் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள்.

தோ பாயோ: பெண்கள் டிஜெரிடூ ஊதக்கூடாது என்று என் மகளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. மீதியையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கருவி வட ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களுடையது. ஆர்னம் லேண்டின் கிழக்கில் உள்ள யொல்ங்கு மக்கள் இதை யிடாக்கி என்கிறார்கள். கரையான் உள்ளே தின்று கோறையாக்கிய யூகலிப்டஸ் மரத்தைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்து வெட்டுவார்கள். சடங்குகளில் ஊதுவது ஆண்கள். சடங்குக்கு வெளியே பெண்கள் ஊதலாமா என்பதில் சமூகத்துக்குச் சமூகம் கருத்து வேறுபடுகிறது, வேண்டாம் என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள்.

நானும் பெண்தான், ஊதுகிறேன். எனக்கென்று சில எல்லைகள் வைத்திருக்கிறேன். சடங்குத் தாளங்களைப் பார்த்து நகல் எடுப்பதில்லை. உடம்பில் வண்ணம் பூசிக்கொண்டு மேடை ஏறுவதில்லை. இது யாருடைய கருவி என்பதைச் சொல்லாமல் வாசிப்பதில்லை. நம் உறுமியையோ பறையையோ யாராவது எங்கிருந்து வந்தது என்றே சொல்லாமல் மேடையேற்றினால் நமக்கு எப்படி இருக்கும்? மகள் பிவிசி குழாயில் தாராளமாகப் பழகட்டும். அசல் யிடாக்கி வாங்கும் காலம் வந்தால், செய்த சமூகத்திடமே கேட்டுக்கொள்ளட்டும். யிர்கலாவில் உள்ள புகு-லார்ங்கை முல்கா கலை மையம் அந்த மக்கள் நடத்துவது, அங்கே யிடாக்கி விற்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. சுற்றுலாக் கடைகளில் புள்ளிக்கோலம் போட்டு விற்பவற்றில் பல இந்தோனேசியாவில் மூங்கிலிலோ தேக்கிலோ செய்தவை. பழகுவதற்கு அதில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் பூர்வகுடிக் கைவினை என்று சொல்லி விற்பது ஏமாற்று. அப்படி விற்ற ஒரு மொத்த வியாபார நிறுவனத்துக்கு ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2019ல் 23 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

செம்பவாங்: கர்நாடக சங்கீதம் கற்றிருக்கிறேன். ஹேண்ட்பேன் வாங்கினால் எந்த ஸ்கேல் வாங்குவது? ராகம் வாசிக்க முடியுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஹேண்ட்பேனின் பிறப்பிலேயே நம் கடத்துக்குப் பங்கு இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஃபெலிக்ஸ் ரோனர், சபீனா ஷேரர் என்ற இருவரும் டிரினிடாட் நாட்டு ஸ்டீல்பேன் (சுருதி சேர்த்த எஃகு மேளம்) செய்துவந்தார்கள். கடம் வாசித்துவந்த சுவிஸ் தாளக் கலைஞர் ரெட்டோ வெபர், கடம் போல விரலால் வாசிக்க, ஆனால் சில ஸ்வரங்களும் உள்ள ஒரு கருவி வேண்டும் என்று அவர்களிடம் கேட்டார். 2000ல் ‘ஹாங்’ பிறந்தது. 2013ல் அவர்கள் அதை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் அந்த வழியில் செய்வதைத்தான் ஹேண்ட்பேன் என்கிறோம்.

ஸ்கேலுக்கு வருவோம். அதிகம் விற்பது ‘டி குர்ட்’. நடுவில் உள்ள மேட்டை மந்தர ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். சுற்றி உள்ள எட்டு ஸ்வரக்குழிகளும் மந்தர ப, த, நி, பிறகு மத்திய ஸ, ரி, க, ம, ப. ஸ்வரஸ்தானங்களைப் பார்த்தால் நடபைரவி. ரி, த இரண்டையும் தொடாமல் வாசித்தால் சுத்த தன்யாசி. ரி, ப விட்டால் ஹிந்தோளத்தின் ஸ்வரங்கள். ‘ஹிஜாஸ்’ என்ற ஸ்கேலை எடுத்தால் வகுளாபரணத்தின் ஸ்வரங்கள் கிடைக்கும்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். மத்திய பஞ்சமத்துக்குமேல் ஸ்வரம் கிடையாது, கமகமும் (ஸ்வரத்தை அசைத்து இழைப்பதும்) கிடையாது. தோடியை இதில் தேடாதீர்கள். ராக ஆலாபனையைவிடத் தாளமும் ஸ்வரமும் ஒன்றாகப் பேசும் இடத்தில்தான் இந்தக் கருவி மின்னும். மிஸ்ர சாபுவில் ஒரு கோர்வையை ஸ்வரத்தோடு வாசித்துப் பாருங்கள், உங்களுக்கே புரியும்.

வாங்கும்போது கடையில் செய்ய வேண்டியது: மோதிரம், வளையல் கழற்றுங்கள். ஒரு ஸ்வரக்குழியை விரல் நுனியின் சதையால் தொட்டு உடனே எடுங்கள், விரல் தங்கினால் ஒலி செத்துவிடும். நல்ல கருவியில் ஒரு குழிக்குள் மூன்று ஒலிகள் சேர்ந்திருக்கும்: அடிப்படை ஸ்வரம், அதன் மேல் ஸ்தாயி, அதற்கும் மேலே அதன் பஞ்சமம். ஃபோனில் டியூனர் (சுருதி காட்டும் செயலி) வைத்து ஒவ்வொன்றும் ஐந்து சென்ட்டுக்குள் நிற்கிறதா என்று பாருங்கள்; சென்ட் என்பது அடுத்தடுத்த இரு ஸ்வரஸ்தானங்களின் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு. அப்புறம் ஒரு குழியைத் தட்டி, பக்கத்துக் குழி தேவையில்லாமல் முனகுகிறதா என்று கேளுங்கள். சுருதி கலைந்தால் யார் திருத்தித் தருவார்கள் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கடம், மிருதங்கம் வாசித்த கை என்றால் இன்னொன்றும் உண்டு, பலத்தைப் பாதிக்குமேல் குறைக்க வேண்டும். ஓங்கித் தட்டித் தட்டியே சுருதி கலைந்த கருவிகளைப் பார்த்திருக்கிறேன்.

மரீன் பரேட்: ஹேண்ட்பேன் துருப்பிடிக்குமா? கடற்கரையில் வாசிக்க ஆசை.

பிடிக்கும். நைட்ரைடு செய்த (துரு தாங்க நைட்ரஜன் ஊட்டிய) எஃகு என்றாலும், ஸ்டெயின்லெஸ் என்றாலும், உப்புக் காற்றும் கை வியர்வையும் சும்மா விடாது. வாசித்து முடித்ததும் மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள், வாரம் ஒருமுறை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, செய்தவர் சொல்லும் எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்கு ஏறும். ஈரத்தோடு பைக்குள் போட்டு மூடாதீர்கள். வெயிலில் நிறுத்திய காரில் ஒருபோதும் வைக்காதீர்கள். டிஜெரிடூவுக்கும் இதே கதைதான், மெழுகு இளகி வழிந்துவிடும்.

அங் மோ கியோ: டிஜெரிடூ ஊதினால் குறட்டை குறையும் என்கிறார்களே?

ஆய்வு இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் சிக்கல் மிதமாக உள்ள 25 பேரை வைத்துச் செய்தார்கள். நான்கு மாதம் ஊதிப் பழகியவர்களுக்குப் பகல் தூக்கமும் மூச்சுத் தடையும் குறைந்தன. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2006ல் வந்தது. தொண்டைத் தசைகளுக்குப் பயிற்சி கிடைப்பது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. சிறிய ஆய்வுதான். டாக்டர் கொடுத்த மூச்சுக் கருவியை இதை நம்பி ஓரம் கட்டிவிடாதீர்கள். ரத்த அழுத்தமோ குடலிறக்கமோ இருந்தால் ஊதத் தொடங்குவதற்கு முன்பே அவரிடம் கேளுங்கள்.

புக்கிட் பாத்தோக்: எட்டு வயதுப் பெண்ணுக்கு எது சரி?

கலிம்பா. ஆப்பிரிக்காவின் ம்பிராவிலிருந்து வந்த சிறு கருவி, கட்டைவிரலால் மீட்டுவது. முப்பது வெள்ளிக்குள் நல்லதே கிடைக்கும். பதினேழு நாக்கு (மீட்டும் உலோகத் தகடு) உள்ளதை வாங்குங்கள். பிடித்துப்போனால் பிறகு ஸ்டீல் டங் டிரம் (மேலே நாக்குகள் வெட்டிய எஃகு மேளம்). ஹேண்ட்பேன் இப்போது வேண்டாம்.

ஈசூன்: என் மகன் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறான். இப்போது ஜெம்பே கற்க வேண்டும் என்கிறான். உறுமியை விட்டுவிடுவானோ என்று கவலையாக இருக்கிறது.

விடத் தேவையே இல்லை அம்மா. ஜெம்பே மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி, கினி பக்கத்து மாண்டே மக்களின் கைமேளம். ஆட்டுத் தோல், வெறும் கை, மூன்று ஒலிகள்: நடுவில் உள்ளங்கையால் பாஸ், ஓரத்தில் விரல்களைச் சேர்த்துத் தட்டினால் டோன், விரல்களைத் தளர்த்தி விசிறினால் ஸ்லாப். உறுமியில் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்த்து முனக வைத்துக்கொண்டே மறுபக்கத்தை அடிப்பவன் அவன். இரண்டு கையும் வெவ்வேறு வேலை செய்யும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, தாளம் ரத்தத்தில் இருக்கிறது. டோனுக்கும் ஸ்லாப்புக்கும் உள்ள வித்தியாசம் கேட்கும்வரை மட்டும் ஒருவரிடம் நேரில் கற்கட்டும், காணொளியில் அது பிடிபடாது.

டிஜெரிடூவின் கார்வைக்கு மேல் உறுமியின் முனகலைக் கேட்டிருக்கிறீர்களா? அவ்வளவு அழகாகப் பொருந்தும். பொங்கோல்காரர் குழாய் ஊதப் பழகியதும், இருவரும் சேர்ந்து வாசிக்க விருப்பம் இருந்தால் சொல்லுங்கள், நான் அறிமுகம் செய்துவைக்கிறேன். ஜெம்பே வாங்கினால் ஏர்கான் அறைக்கும் வெளிப் புழுக்கத்துக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோக வேண்டாம் என்று மட்டும் அவனிடம் சொல்லிவையுங்கள், தோல் தொய்ந்துவிடும்.